பந்தியே உரைகல்: தமிழகத் திருச்சபையும் மாறும் பண்பாடும்

பொங்கலன்று ஆலய வளாகத்தில் பானை வைக்கலாமா? சிலுவை பொறித்த தாலி கட்டலாமா, தாலியே வேண்டாமா? ஆராதனையில் பறை முழங்கலாமா? பெண் குருவின் கையால் திருவிருந்து பெறலாமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் ஆராதனை பார்த்தால் போதுமா? தமிழகத்தின் எந்தச் சேகரத்திலும் எந்தப் பங்கிலும் நாலு பேர் கூடிப் பேசினால் இவற்றுள் ஒன்றாவது எழும். எழுந்தால் சீக்கிரம் அடங்காது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 44 லட்சத்துக்குச் சற்று மேல். மொத்த மக்களில் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். மேற்கு மாவட்டங்கள் பலவற்றில் மிகச் சொற்பம். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேயினர், சால்வேஷன் ஆர்மியினர், தனிச் சபையினர் என்று இவர்கள் பலவாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லார் முன்பும் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: சுற்றியுள்ள பண்பாட்டிலிருந்து எதை ஏற்பது, எதை மறுப்பது?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. உலகம் மாறினாலும் சபை மாறக் கூடாது என்பது ஒன்று. மண்ணுக்கு ஏற்றபடி சபை மாறாவிட்டால் அந்நியமாகவே நின்றுவிடும் என்பது மற்றொன்று. ஏறத்தாழ 500 ஆண்டுத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதாதவை என்று எனக்குப் படுகிறது. மொழியிலும் இசையிலும் உடையிலும் தமிழ் மண்ணைத் தழுவிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் திருச்சபை வளர்ந்தது. ஆனால் பண்பாடு என்ற பெயரிலேயே சாதி உள்ளே வந்தபோது அதற்கும் அது இடம் கொடுத்தது. அங்கே நற்செய்தி ஊனப்பட்டது. ஆகவே ஒரு வழக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை அதன் பழமையோ புதுமையோ, உள்ளூர்த்தன்மையோ அயல்தன்மையோ தீர்மானிக்க முடியாது. அந்த வழக்கம் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறதா என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் நூற்றாண்டின் தீர்ப்பு

இந்த அளவுகோலை நான் புதிதாக உண்டாக்கவில்லை, வேதாகமத்திலேயே இருக்கிறது. யூதரல்லாதவர்கள் கிறிஸ்துவை ஏற்கத் தொடங்கியதும் அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு முதலில் யூதராக வேண்டுமா என்ற தகராறு எழுந்தது. எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் அது தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கிரேக்கன் கிரேக்கனாகவே விசுவாசியாகலாம் என்றானது. பண்பாட்டில் அத்தனை பெரிய விடுதலையைத் தொடக்கத்திலேயே கொடுத்த சமயம் இது.

அதே தலைமுறையில் அந்தியோகியாவில் இன்னொன்று நடந்தது. யூதரல்லாதாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட ஏழைகள் பசியோடு நின்றபோது, நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தரின் விருந்தே ஆகாது என்று அவர்களுக்கு எழுதினார். உடை, உணவு, மொழி, நாள் ஆகியவற்றில் தாராளம். பந்தியைப் பிரித்தால் சமரசமே கிடையாது. தமிழகத் திருச்சபையின் கதையை இந்த இரண்டு கண்களாலும் பார்க்க வேண்டும்.

கடற்கரையும் மதுரையும்

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். சமயம் மாறியது, கடலும் தொழிலும் சாதித் தலைவர் என்ற அமைப்பும் அப்படியே இருந்தன. 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆகஸ்டு 5 திருவிழாவும் அங்குள்ள தங்கத் தேரும், அந்தக் கடற்கரை மக்கள் தங்கள் விசுவாசத்தைத் தங்கள் வழியிலேயே கொண்டாடியதன் சாட்சிகள்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி வேறொரு நிலையைக் கண்டார். கிறிஸ்தவனாவதென்றால் பரங்கியாவது என்றே அங்குள்ளவர்கள் எண்ணியிருந்தார்கள். அவர் காவி உடுத்தினார். புலால் உண்பதை விட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கங்களே என்றும், கிறிஸ்தவர்கள் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் வாதாடினார். உடன் ஊழியர்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஐரோப்பியர் ஆகாமலேயே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்று அந்தக் காலத்தில் சொல்லத் தனித் துணிவு வேண்டும். அந்தத் துணிவின் தொடர்ச்சியாகத்தான் வீரமாமுனிவர் புனித சூசையப்பரைத் தலைவராக்கித் 'தேம்பாவணி' பாட முடிந்தது. ஆனால் தெ நொபிலியின் முறையில் சாதியும் சமூக வழக்கங்களின் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது. மேல்சாதியாருக்குப் பிராமண சந்நியாசிகள் என்றும், மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமிகள் என்றும் குருக்களே இரண்டு வகையானார்கள். 1693-ல் ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தர் பண்டாரச் சாமியாகவே மறவர் நாட்டில் பணி செய்தவர். 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தெ தூர்னோன் பல உள்ளூர்ச் சடங்குகளைத் தடைசெய்தார். 1744-ல் ரோமை அந்தத் தடையை உறுதி செய்தபோதும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குருக்களை வைப்பதற்கே வழி செய்தது. சடங்குகளைப் பற்றிய சத்தியப் பிரமாணம் 1940-ல் நீக்கப்பட்டது. பந்திப் பிரிவினை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இந்தச் சறுக்கலின் விலையைப் பின்வந்த தலைமுறைகள் கொடுத்து வருகின்றன.

தரங்கம்பாடியும் தஞ்சையும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளியும் இந்தியாவுக்கு வந்த சீர்திருத்தத் திருச்சபையின் முதல் மிஷனெரிகள். அச்சகம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு வந்தது, பள்ளிக்கூடங்கள் வந்தன. 1733-ல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றார். அவர் வேளாளர்.

அதே மிஷனில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று சபைகளைக் கட்டியவர். அவரைக் குருவாக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அவர் கையால் திருவிருந்து பெற மாட்டோம் என்று வேளாளச் சபையார் மறுத்தார்கள். 1741-ல் அவருக்குப் பதிலாக வேறொருவர் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்து 1771-ல் மறைந்தார். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றில் நம்மை அதிகம் வெட்கப்பட வைக்க வேண்டிய பக்கம் இது. அயல்நாட்டு மிஷனெரிகள் மட்டும் செய்த தவறென்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் சபையாரே கேட்டு வாங்கிய தவறு.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்க்கை இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். சரபோஜி மன்னரின் தோழர். 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றியவர். தமிழ்ச் சபைகளில் இன்றும் கீர்த்தனை ஒலிக்கிறதென்றால் அதில் பெரும் பங்கு அவருடையது. 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிகள் ஆலயத்தில் தமிழ் இசையை விலக்கினார்கள். திருமணத்திலும் திருநாளிலும் பூக்கள் வேண்டாமென்றார்கள். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்றார்கள். நான்கையும் கொடுமை என்றே சாஸ்திரியார் எதிர்த்தார்.

இசைக்கும் பூவுக்கும் அவர் வாதாடியது நியாயம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்காக அவருக்கு என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் அதே மூச்சில் சாதி இருக்கைக்கும் வாதாடினார். அவரை எதிர்த்த மிஷனெரிகளோ, சாதி இருக்கையை எடுக்கச் சொன்னதில் சரியாக நின்று, கீர்த்தனையை விலக்கியதில் தவறினார்கள். பாட்டையும் பந்தியையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் இரு தரப்பின் பிழை. இன்று வரை நம் சபைச் சண்டைகள் பலவற்றில் இந்த மூட்டை அவிழ்க்கப்படாமலே கிடக்கிறது.

1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டுமென்று கட்டளையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருந்தொகையானோர் சபையை விட்டு விலகினார்கள். பிறகு சாதி விஷயத்தில் கெடுபிடி குறைந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் பலர் சேர்ந்தார்கள். சபையைத் தேர்ந்தெடுப்பதையே சாதி தீர்மானித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நெல்லையும் குமரியும்

தெற்கே சபை வேறு விதமாக வளர்ந்தது. 1799-ல் புது விசுவாசிகள் துன்புறுத்தலுக்குத் தப்பிக் குடியேற முதலூர் என்ற கிராமமே உருவானது. பின்னர் மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி, டோனாவூர் என்று ஆலயமும் பள்ளியும் சேர்ந்தே எழுந்தன. பனையேறிகளின் பிள்ளைகள் படித்தார்கள்; பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள் வந்தன. 1895-ல் பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி பெண்களுக்கென நிறுவப்பட்டது. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை போராடினார்கள். கிறிஸ்தவப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். மிஷனெரிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். பண்பாட்டுக்கு ஒத்துப்போவதா என்று சபை தயங்கியிருந்தால் அந்தச் சீலை தோளில் ஏறியிருக்காது. தாழ்த்தப்பட்டவரின் மானத்தை அளவாக வைத்துச் சபை ஒரு வழக்கத்தை மறுத்த அருமையான தருணம் அது.

மேலைநாட்டுத் தலைமையை மறுக்கவும் நெல்லை மண்ணுக்குத் தெரிந்திருந்தது. சாணார்கள் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார்களைப் பற்றி 1849-ல் மிஷனெரி கால்டுவெல் எழுதிய ஆங்கில நூல் அந்த மக்களை ஆழமாகப் புண்படுத்தியது. 1857-ல் சட்டம்பிள்ளை என்ற அறிஞர் மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து, பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். ஐரோப்பிய வழக்கங்களைத் தள்ளி, சனிக்கிழமை ஓய்வுநாள் உட்பட எபிரேய முறைகளை நேரே வேதத்திலிருந்து எடுத்துக்கொண்ட சபை அது. வேதம் தமிழன் கைக்கு வந்தபின் அதை விளக்கும் உரிமை லண்டனிலோ ஜெர்மனியிலோ மட்டும் இருக்க முடியாது என்பதை அவர் காட்டினார்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில், மேலை மிஷனெரிகளிடம் தியாகத்தை மட்டுமல்ல, நட்பையும் கேட்கிறோம் என்ற கருத்தில் பேசினார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் கேட்ட நட்பும் பந்திச் சமத்துவந்தான். நெல்லை ஊர்களில் பெண்கள் தினமும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்த கைப்பிடி அரிசிக் காணிக்கையும், ஊரே கூடிச் சாப்பிடும் அசனமும் இந்த மண் சபைக்குக் கொடுத்த செல்வங்கள். எழுத்தில் அதே காலத்துச் செல்வம், வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்'.

இருபதாம் நூற்றாண்டின் முயற்சிகள்

விடுதலை பெற்ற அடுத்த மாதமே, 1947 செப்டம்பர் 27-ல், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றானார்கள். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தீராத பிரிவுகள் இங்கே தீர்ந்தன. மதுரை–இராமநாதபுரம் பேராயராகவும் பின்னர் சென்னைப் பேராயராகவும் இருந்த லெஸ்லி நியூபிகின் 1974-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கே சபை தன் பண்பாட்டோடு இழைந்துபோய் அதைக் கேள்வி கேட்கும் திறனையே இழந்துவிட்டதைக் கண்டு நூல்கள் எழுதினார். மேலைச் சமுதாயமும் ஒரு மிஷன் களமே என்ற அவருடைய வாதத்துக்கு அடித்தளம், தமிழகக் கிராமச் சபைகளில் அவர் கழித்த ஆண்டுகள்.

இந்திய ஆன்மிக வடிவங்களைத் தேடியவர்களும் உண்டு. 1921-ல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1950-ல் குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனம் எழுந்தது. எளிமையும் தியானமும் இந்த ஆசிரமங்களின் கொடை. ஆனால் காவியும் சமஸ்கிருத மந்திரமும் சேரியிலும் கடற்கரையிலும் வாழும் பெரும்பான்மைக் கிறிஸ்தவர்களின் வழக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. இந்தியப் பண்பாடு என்றால் யாருடைய பண்பாடு என்ற கேள்வியைத் தலித் இறையியலாளர்கள் 1980-களிலிருந்து உரக்கக் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பாட்டாலேயே பதில் சொன்னவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஜே. தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று மாணவர்கள் அன்போடு அழைத்த அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் 'ஒரு உலை' என்ற கருத்தை மையமாக்கினார். இழிவென்று தள்ளப்பட்ட இசை ஆலயத்துக்குள் வந்ததும், அதை வாசித்தவரின் மதிப்பும் கூடவே வந்தது. பாட்டும் பந்தியும் ஒன்றுக்கொன்று துணையாக நின்ற முயற்சி இது. சாஸ்திரியார் காலத்து முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1962–65-ல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருப்பலியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. பின்னர் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் பங்கு வாழ்வை வீதிக்கும் வீட்டுக்கும் கொண்டுசென்றன. 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது.

இன்றைய ஐந்து சோதனைகள்

முதல் சோதனை இன்றும் சாதிதான். 1950-ல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்த அநீதிக்கு எதிராகச் சபைகள் போராடுவது சரி. ஆனால் தனிக் கல்லறை, தேர் போகாத தெரு, தனிப் பாதையில் சவ ஊர்வலம் என்று சபைக்குள்ளே இருப்பவற்றுக்கு யார் மேல் வழக்குப் போடுவது? 2008-ல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை வன்முறையாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2003-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கை அறிக்கை வெளியிட்டது. பாமாவின் 'கருக்கு' 1992-லேயே இதை உள்ளிருந்து சொல்லிவிட்டது. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபைப் பெயரின் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகும் வரை இந்த அறிக்கைகள் ஏட்டளவில்தான் நிற்கும்.

இரண்டாவது, பெண்களும் குடும்பமும். தென்னிந்தியத் திருச்சபை 1976-லும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 2006-லும் பெண்களைக் குருக்களாக்கத் தொடங்கின. 2013-ல் நந்தியால் பேராயராக எகோனி புஷ்பலலிதா பொறுப்பேற்றார். இருந்தும் ஞாயிறு பள்ளியையும் ஜெபக்கூட்டத்தையும் பெண்கள் தாங்க, சேகரக் கமிட்டியில் ஆண்களே நிறைந்திருப்பது பல இடங்களில் நடப்பு. 1869-ம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் கணவனுக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதி என்றிருந்தது. கணவனின் விபசாரத்தை மட்டும் காட்டி மனைவி விடுதலை பெற முடியாது. 2001-ல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறிய பின்னும், அடிபட்டு வரும் பெண்ணிடம் பொறுத்துப் போகச் சொல்லி அனுப்பும் வழக்கம் சபைகளில் மாறவில்லை. மணமுறிவு பெற்றவரும் தனித்து வாழ்பவரும் ஆலயத்தின் முன்வரிசையில் கூச்சமின்றி உட்கார முடிகிறதா என்பது இன்றைய பந்திக் கேள்வி.

மூன்றாவது, இடப்பெயர்வு. தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பேறு இரண்டுக்கும் கீழே குறைந்துவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போய்விடுகிறார்கள். தென்மாவட்டக் கிராமங்களில் பெரிய ஆலயங்களில் முதியவர்கள் மட்டும் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் ஊர் நிறைகிறது. எதிர்ப்பக்கம், வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் சபை, இவர்களுக்கு ஒரு பெஞ்சு ஒதுக்கவாவது கடமைப்பட்டிருக்கிறது.

நான்காவது, ஆராதனையின் புது வடிவம். 1920-களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் முதல் இன்றைய நகரச் சபைகள் வரை, பெந்தெகொஸ்தே இயக்கம் நகையையும் சடங்கையும் மறுத்தது. சாட்சியையும் கைதட்டிப் பாடுவதையும் முன்னிறுத்தியது. ஊரையும் உறவையும் விட்டு நகரத்துக்கு வந்தவருக்கு அது புதுக் குடும்பம் தந்தது. படிக்காத பெண்ணின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்தது. இதைப் பழைய சபைகள் மதித்துக் கற்க வேண்டும். ஆசீர்வாதம் என்றால் கார், வீடு, விசா என்று சுருக்கும் போதனை வரும்போது மட்டும் எதிர்த்து நிற்க வேண்டும். அது ஏழையைக் குற்றவாளியாக்கிக் கடைசி வரிசைக்குத் தள்ளுகிறது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து, பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் வீட்டுக்குள்ளேயே கழிந்தபோது கைப்பேசி ஆராதனை பழகியது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அது வரம். நடக்க முடிந்தவருக்கு அது போதாது. பக்கத்தில் யார் உட்கார்வார் என்று தேர்ந்தெடுக்க முடியாத இடம் ஆலயம். பிடிக்காததைத் தள்ளிவிட முடிந்த இடம் திரை. பந்தி என்பது முதலாவதில்தான் உண்டாகும்.

ஐந்தாவது, சொத்தும் அதிகாரமும். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் எல்லாம் முன்னோர் கைப்பிடி அரிசியாலும் அயல்நாட்டு ஏழை விசுவாசிகளின் காணிக்கையாலும் எழுந்தவை. சபைத் தேர்தலில் சாதிக் கணக்கும் பணமும் புகுவதும், தகராறு நீதிமன்றம் ஏறுவதும் இளைஞர்களைச் சபையிலிருந்து விரட்டும் முதல் காரணங்கள். அரசியலில் நாம் கேட்கும் வெளிப்படைத்தன்மையைச் சபைக் கணக்கிலும் கேட்க வேண்டும். அண்டை வீட்டாரோடு உள்ள உறவும் இதனோடு சேர்ந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோதும், 2011 முதல் இடிந்தகரை ஆலய முற்றம் அணு உலைக்கு அஞ்சிய மக்களின் போராட்டக் களமானபோதும், கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. அத்தகைய சேவைதான் இந்த மண்ணில் சபைக்கு மதிப்பைத் தேடித் தந்தது.

முடிவாக

மாறும் பண்பாட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். பொங்கல் பானை, கீர்த்தனை, பறை, கிட்டார், தமிழ் வழிபாடு, கைப்பேசிச் செய்தி எதுவும் விசுவாசத்தைக் கெடுத்துவிடாது. விசுவாசத்தை உண்மையில் கெடுத்தது, கேட்கக் கூசும் அளவுக்குப் பழகிப்போன பிரிவினைதான். ராஜநாயக்கனைத் தடுத்தவர்கள் தங்களைப் பண்பாட்டுக் காவலர்கள் என்றே நம்பினார்கள். தோள்சீலைக்கு நின்றவர்களைப் பண்பாட்டைக் கெடுப்பவர்கள் என்றார்கள். யார் நற்செய்தியின் பக்கம் நின்றார்கள் என்று இன்று எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு சபையும் இந்த ஆண்டே நான்கு கேள்விகளைத் தன் கமிட்டியில் வைத்துப் பதில் எழுதட்டும். நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் அடக்கம் ஆகிறார்களா? நம் கமிட்டியில் பாதி பெண்களா? நம் சபைப் பிள்ளைகள் சாதி மாறித் திருமணம் செய்தால் குருவும் சபையாரும் மனமுவந்து வருகிறார்களா? நம் வரவு செலவுக் கணக்கை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாமா? நான்குக்கும் ஆம் என்று சொல்ல முடிந்த சபை எந்த இசையில் பாடினாலும், எந்த உடையில் வந்தாலும், எந்தக் காலத்திலும் நிற்கும். சொல்ல முடியாத சபை முதலில் தன் பந்தியைச் சரிசெய்யட்டும். பாட்டைப் பற்றிய வாக்குவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.